வங்கி வாங்க மறுத்தால் நோட்டு செல்லாததாகிவிடாது

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஆயுளில் பாதியைக் கழித்த ஒருவர் அண்மையில் காலமானார். அவருடைய பெட்டியின் அடியில் ஊதா நிறத்தில் சில சிங்கப்பூர் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகளும், பழைய மலேசிய ஆயிரம் ரிங்கிட் நோட்டு ஒன்றும் இருந்தன. மகன் ஏறி இறங்கிய வங்கிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. ஒரு காசாளர், "இதெல்லாம் செல்லாது தம்பி" என்றே சொல்லியிருக்கிறார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தரகர் சிங்கப்பூர் நோட்டுகளைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். தரகர் வேண்டாமென்று தள்ளிய ரிங்கிட்டோடுதான் அந்தப் பையன் எங்கள் கவுண்டருக்கு வந்தான். அவன் விற்ற நோட்டுகள் முழு மதிப்புள்ளவை. கையில் மிஞ்சியதோ 1999 ஜூலை 1 முதலே செல்லாதது.

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இது புதிதல்ல. ஆனால் இம்முறை வயிறு எரிந்துவிட்டது. ஒரு கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டிருந்தால் தகப்பனாரின் சேமிப்பில் பாதி போயிருக்காது.

நம் மக்கள் மனத்தில் 2016 நவம்பர் 8 இன்னும் ஆறாமல் இருக்கிறது. ஒரே இரவில் ஐந்நூறும் ஆயிரமும் காகிதமானதைப் பார்த்தவர்கள், வங்கி ஒரு பெரிய நோட்டை வாங்கவில்லை என்றால் அது செத்துவிட்டது என்றே முடிவுகட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் நம்முடைய 2,000 ரூபாய் நோட்டைத்தான் நினைவூட்டுகிறேன். 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அக்டோபர் 7-க்குப் பிறகு எந்த வங்கிக் கிளையும் அதை வாங்குவதில்லை. ஆனாலும் அது சட்டப்படி செல்லும் நோட்டுதான். ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில், சென்னை உட்பட, அதற்கு முழு மதிப்பு கிடைக்கும். கிளையில் வாங்காததற்கும் செல்லாததற்கும் எவ்வளவு தூரம் என்பது இதிலேயே தெரியவில்லையா?

வெளிநாட்டுப் பெரிய நோட்டுகளின் கதையும் இதுதான். சிங்கப்பூர் 2014 அக்டோபர் முதல் பத்தாயிரம் வெள்ளி நோட்டையும், 2021 ஜனவரி முதல் ஆயிரம் வெள்ளி நோட்டையும் வெளியிடுவதை நிறுத்தியது. கறுப்புப் பணத்தைச் சுமந்து செல்ல அவை வசதியாக இருந்தன என்பதே காரணம். வெளியிடுவதைத்தான் நிறுத்தியது, வெளியே இருப்பவற்றை ரத்து செய்யவில்லை. அந்நாட்டின் முதல் அதிபர் யூசோப் இஷாக் படமும், நம் எழுத்தில் 'சிங்கப்பூர்' என்ற பெயரும் அச்சிட்ட அந்த நோட்டை அங்கே வங்கிக் கணக்கில் முகமதிப்புக்கே செலுத்தலாம். 500 யூரோ நோட்டும் அப்படியே. ஐரோப்பிய மத்திய வங்கி 2016-இல் முடிவெடுத்து 2019-இல் வெளியீட்டை நிறுத்தியது. யூரோ நாடுகளின் மத்திய வங்கிகள் அதைக் காலவரையின்றி மாற்றித்தரும்.

"சட்டப்படி செல்லும் என்றால் நீங்கள் ஏன் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்?" என்று சிலர் கவுண்டரில் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சட்டம் அந்த நாட்டின் சட்டம். அது திருச்சியில் இருக்கும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. நூறு டாலர் நோட்டை நாளைக்கே வேறொரு பயணிக்கு விற்றுவிடலாம். 500 யூரோவை யாரும் கேட்டு வருவதில்லை. காப்பீடு செய்து விமானத்தில் ஐரோப்பாவுக்கே அனுப்ப வேண்டும். அது கள்ள நோட்டாக இருந்துவிட்டால் ஒரே தாளில் பெரும் நஷ்டம். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதே தொல்லை பழைய நூறு டாலருக்கும் உண்டு. 1996-க்கு முந்தைய, சிறிய தலைப் படம் போட்ட நோட்டைப் பல பணமாற்றுக் கடைகள் தள்ளிவிடுகின்றன அல்லது குறைத்துக் கேட்கின்றன. அமெரிக்க அரசைப் பொறுத்தவரை 1861 முதல் வெளியிட்ட நோட்டுகள் எல்லாமே செல்லும். நோட்டின் மேல் பேனாவால் கணக்கு எழுதுவதும் ஸ்டேப்ளர் முள் குத்துவதும் நம்மூர்ப் பழக்கம். தயவுசெய்து வெளிநாட்டு நோட்டிடம் அதைக் காட்டாதீர்கள். நல்ல நோட்டையும் அதனாலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

உண்மையிலேயே செத்துப்போன நோட்டுகளும் இருக்கின்றன. மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் அந்த வகை. புதுச்சேரிக் குடும்பங்கள் சில இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பிரெஞ்சு பிராங்கை மாற்றும் கெடு 2012 பிப்ரவரி 17-உடன் முடிந்தது. ஆனால் ஜெர்மன் மார்க்கை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் மாற்றித்தருகிறது. குவைத்தின் ஐந்தாம் வரிசை நோட்டுகளுக்கு 2025 ஏப்ரல் 18 கடைசி நாளாக இருந்தது. பெட்டியில் ஆறப்போட்டு வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

எனவே பெரிய நோட்டு கையில் கிடைத்தால் முதலில் அதை வெளியிட்ட மத்திய வங்கியின் இணையதளத்தைப் பாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்லும் என்று தெரிந்தால், அந்நியச் செலாவணி கையாளும் பெரிய கிளையிலும் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனங்களிலும் கேளுங்கள். ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடத்தில் வாங்கக்கூடும். பணத்தோடு பணமாற்றுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். உரிமம் இல்லாத தரகரிடம் விற்பது ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறல்; அபராதம் விற்றவருக்கும் வரும்.

ஊருக்கு வரும்போது 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்துறையிடம் அறிவிப்புப் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து 20,000 வெள்ளிக்கு மேல் எடுத்துவந்தால் அங்கேயும் அறிவிக்க வேண்டும். நம் சுங்கத்துறையிடம் கொடுத்த படிவத்தின் நகலைத் தொலைக்காதீர்கள். பெரிய தொகையை என்ஆர்இ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) போடும்போது அதைக் கேட்போம். இங்கே வசிப்பவர்கள் 2,000 டாலருக்கு மேற்பட்ட நோட்டுகளைத் திரும்பிவந்த 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதி.

இன்னும் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய நோட்டு கையில் இருந்தால் அங்கேயே கணக்கில் போட்டு வங்கி வழியாக அனுப்புங்கள்.

கவுண்டரில் இருக்கும் என் சக ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்க முடியாவிட்டால் "எங்கள் கிளையில் வாங்குவதில்லை" என்று சொல்லுங்கள். தெரியாமல் "செல்லாது" என்று சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் அந்த நாட்டு மத்திய வங்கியின் பெயரையும், ஊரில் உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.