ஓராண்டுப் பயிற்சிக்குக் குடும்பத்தோடு வெளிமாநிலம்: கூட வரும் உரிமைகள், வராத உரிமைகள்

தொழிற்பழகுநர் பயிற்சி, மருத்துவமனைப் பயிற்சி, வேலைக்குத் தேர்வானவர்களுக்கான துறைப் பயிற்சி என்று ஆறு மாதமோ ஓராண்டோ வெளிமாநிலத்தில் தங்க வேண்டி வந்தால், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல முதலில் செய்வது ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றையும் புது ஊர் முகவரிக்கு மாற்றுவதுதான். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. சில உரிமைகள் நீங்கள் எங்கே போனாலும் கூடவே வரும். சில உரிமைகள் மாநில எல்லையோடு நின்றுவிடும். வேறு சில, பிள்ளை ஓராண்டு வெளியே படித்தாலே திரும்பக் கிடைக்காதபடி போய்விடும். குடும்பமே போவதா, ஒருவர் மட்டும் போவதா என்பதை முடிவு செய்யும் முன்பு இந்தக் கடைசி வகையைப் பாருங்கள்.

பிள்ளையின் படிப்பு

பிள்ளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தால் மிகுந்த கவனம் வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீதத்துக்கும் இதே நிபந்தனைதான். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பைத்தான் பார்க்கின்றன. எட்டாம் வகுப்பை மட்டும் வெளிமாநிலத்தில் படித்தாலும் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். அடுத்த ஆண்டு திரும்பி வந்து அதே பள்ளியில் சேர்ந்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைதானே, ஓராண்டு ஆங்கிலவழியிலோ இந்தி வழியிலோ படிக்கட்டும் என்று விட்டால், இருபது ஆண்டு கழித்து விண்ணப்பம் போடும்போது அது தடையாக வந்து நிற்கும். இப்படி ஒரு வாய்ப்பு இருக்கும் வீட்டில், பயிற்சிக்குப் போகிறவர் மட்டும் போய், பிள்ளை தாத்தா பாட்டியுடன் இங்கேயே படிப்பதுதான் எங்கள் பார்வையில் சரி. ஓராண்டுப் பிரிவு கடினம்தான். ஆனால் ஒரு மருத்துவ இடம் அதைவிடப் பெரிது.

இந்த ஒதுக்கீடுகள் பொருந்தாத பிள்ளைகளுக்கு நெருக்கடி குறைவு. வெளியே படித்த ஆண்டுகளுக்கு ஈடாக, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்று கேட்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரையும், மருத்துவத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரையும் பார்ப்பார்கள். சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

போவது என்று முடிவானால், 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 5-வது பிரிவின்படி, மாநிலம் விட்டு மாநிலம் மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வர நாளானது என்பதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்றும் மறுக்க முடியாது. அது 15-வது பிரிவு. டெல்லி, உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடுவதால், ஜூனில் போய்ச் சேரும் குடும்பத்துக்கு இந்தப் பிரிவு உதவும். இவையெல்லாம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான். மாறிச் சேரும் உரிமையும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான். தனியார் சுயநிதிப் பள்ளியை அது கட்டாயப்படுத்தாது. இங்கே தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடம் அங்கே தொடராது.

சேர்க்கை சிக்குவது பெரும்பாலும் கணினியில்தான். கையில் டி.சி. இருக்கும், ஆனால் பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் (மாநில அரசு), யுடைஸ் (மத்திய அரசு) தளங்களில் பிள்ளையின் பெயரை விடுவித்திருக்காது. புதுப் பள்ளியால் பதிவை இழுக்க முடியாது. டி.சி. வாங்கும் அன்றே விடுவித்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். யுடைஸ் தளத்தில் பிள்ளைக்கு உள்ள நிரந்தரக் கல்வி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பத்தையும் போகும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. வெளிமாநிலப் பள்ளிகள் அதைக் கேட்பது வழக்கம்.

ரேஷன்

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் நாடு முழுவதும் வந்தது. எந்த மாநிலத்து ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லா அட்டைக்கும் அல்ல. உங்கள் ஸ்மார்ட் அட்டையில் பி.எச்.எச். என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ அச்சாகியிருந்தால், நீங்கள் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறீர்கள், வெளிமாநிலத்திலும் கிடைக்கும். என்.பி.எச்.எச். என்றிருந்தால் அந்த அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் தருவது. எல்லை தாண்டி வராது. ‘எல்லாருக்கும் எங்கேயும் கிடைக்கும்’ என்று நம்பிப் போய்க் கடை வாசலில் திரும்பியவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

கிடைப்பவர்களுக்கும் மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் மட்டும்தான்: முன்னுரிமை (பி.எச்.எச்.) அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா (பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்.) அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ, விலையில்லாமல். சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் அங்கே கிடைக்காது. அரிசிக்குப் பதில் கோதுமை தருவதும் உண்டு. அந்த மாநில வழக்கத்தைப் பொறுத்தது.

அட்டையை ஒப்படைக்கவோ மாற்றவோ வேண்டாம். ரேஷன் அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ கடைக்காரர் கருவியில் பதிந்து, அட்டையில் உள்ள ஒருவர் விரல் வைத்தால் போதும். நான்கு பேர் அட்டையில் இரண்டு பேர் வெளியூர், இரண்டு பேர் இங்கே என்றால், 20 கிலோவைப் பிரித்து 10 அங்கே, 10 இங்கே வாங்கலாம். ஆனால் கருவி முழு அளவையும் அட்டைக் கணக்கில்தான் வைத்திருக்கும். ஊரில் உள்ளவர் மாதத் தொடக்கத்தில் 20 கிலோவையும் வாங்கிவிட்டால், உங்களுக்கு அந்த மாதம் மீதி இருக்காது. யார் எவ்வளவு என்று வீட்டில் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எல்லா உறுப்பினரும் ஆதார் இணைப்பும் விரல் ரேகைப் பதிவும் முடித்துவிட்டார்களா என்று கிளம்பும் முன் சொந்தக் கடையில் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் மறுத்தால் 14445 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பெயரை நீக்கிவிட்டு அங்கே புது அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். முதலமைச்சரின் காப்பீடு, பொங்கல் பரிசு எல்லாம் இந்த அட்டையை வைத்துத்தான் வருகின்றன. ஓராண்டுக்காக நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க அலைவது வீண் வேலை.

மற்றவை

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுப் பயனாளிப் பட்டியலிலும் தங்கள் குடும்பம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்தால்தான் வெளிமாநில மருத்துவமனையில் சேர்ந்து பயன் பெறலாம் என்று நம்பிப் போகலாம். மாநிலத் திட்டத்தில் மட்டும் இருப்பவர்கள் ஓராண்டுக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கைக்குழந்தைக்குத் தாய்-சேய் அட்டையைக் கொண்டுபோனால் எந்த அரசு மருத்துவமனையிலும் தடுப்பூசி இலவசம், அங்கன்வாடியிலும் சேர்க்கலாம்.

வண்டியைக் கொண்டுபோனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் மறுபதிவு செய்ய வேண்டும். சச்சரவு வருவது எப்போது வந்தீர்கள் என்பதில்தான். ரயிலில் வண்டி அனுப்பிய பார்சல் ரசீது, ஃபாஸ்டேக் கணக்கு, பயிற்சி ஆணை மூன்றில் ஒன்றாவது தேதியோடு வண்டியில் இருக்கட்டும். பயிற்சி 11 மாதத்தைத் தாண்டி நீளும் போலிருந்தால், 12 மாதம் முடியும் முன்பே இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இங்கேயே இருக்கலாம். தற்காலிகமாக வெளியூரில் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்த ஊர்க்காரர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. சரிபார்ப்புக்கு வரும் அலுவலரிடம் ‘குடிமாறிப் போய்விட்டார்கள்’ என்று பக்கத்து வீட்டார் சொன்னால் பெயர் போய்விடும்; பயிற்சி ஆணையின் நகலை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் இருப்பது மட்டும் கூடாது, அது சட்டவிரோதம்.

சமையல் எரிவாயு இணைப்பை ஒப்படைத்தால் பழைய வைப்புத்தொகைதான் திரும்ப வரும். புது இணைப்புக்கு இப்போதைய தொகை கட்ட வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் போதும். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது கேட்பார்கள் என்பதால் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

திரும்பும்போது பள்ளிக்கு இதே வேலைகள் மறுபடி உண்டு. அந்த மாநில டி.சி.யில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம், யுடைஸில் விடுவிப்பு இரண்டையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தபின் ஒரு கையெழுத்துக்காகத் திரும்பிப் போக முடியாது.