வாசலில் ஃபயர்வால் இருந்தும் வார்ம் எப்படிப் பரவுகிறது?

"எங்கள் நிறுவனத்தின் இன்டர்நெட் இணைப்பில் நல்ல ஃபயர்வால் இருக்கிறது. அப்படியிருக்க ஒவ்வொரு லேப்டாப்பிலும் விண்டோஸ் ஃபயர்வால் எதற்கு? பிரின்டர் ஷேரிங்குக்கு இடைஞ்சலாக இருக்கிறது, ஆஃப் செய்துவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செய்யவே கூடாது. காரணம், வார்ம் (நெட்வொர்க் வழியே தானாகப் பரவும் தீய நிரல்) தன் அடுத்த இரையைத் தேடும் விதத்தில் இருக்கிறது.

வைரஸ் பரவ யாராவது ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். வார்முக்கு அது தேவையில்லை. நெட்வொர்க்கில் காது கொடுத்துக் காத்திருக்கும் ஏதாவது ஒரு சர்வீஸில் (பின்னணியில் ஓடும் நிரலில்) ஓட்டை இருந்தால் போதும். அதற்கென்றே தயாரித்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பி உள்ளே நுழையும், நுழைந்த இடத்திலிருந்து அடுத்த கணினியைத் தேடும். 2003 ஆகஸ்ட் 11 அன்று கிளம்பிய பிளாஸ்டர் என்ற வார்ம், வேறு கணினிகளின் அழைப்பைக் கேட்டு வேலை செய்யும் விண்டோஸின் ஆர்பிசி சர்வீஸை டிசிபி 135ஆம் போர்ட் (சர்வீஸ் காத்திருக்கும் எண்ணிட்ட வாயில்) வழியாகத் தாக்கியது. 2004இல் வந்த சாஸரும் 2017 மே 12 அன்று வெடித்த வான்னாக்ரையும் 445ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டன. இந்தப் போர்ட்டுகளை வாசலிலேயே அடைத்து வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. வீட்டு இணைப்பில் தொற்றிய லேப்டாப் மறுநாள் காலை அலுவலகத்தின் நெட்வொர்க் சுவிட்சில் செருகப்பட்டதும் வார்ம் ஃபயர்வாலுக்கு உட்புறம் நின்றது.

இனி வருவது கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும். நெட்வொர்க்கில் கணினிகளை அடையாளம் காட்டும், நான்கு எண்கள் கொண்ட ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. உங்கள் அலுவலகத்தில் ஓட்டையுள்ள கணினிகள் 500 என்று வைத்துக்கொள்வோம். வார்ம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு முகவரியைத் தட்டினால், அது அந்த 500இல் ஒன்றாக இருக்க 86 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதுவும் உள்ளே 10.20 என்று தொடங்கும், அலுவலகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் பிரைவேட் முகவரிகள் இருந்தால், வெளியிலிருந்து பாக்கெட் வந்து சேரவே வழியில்லை.

2001 ஆகஸ்டில் வந்த கோட் ரெட் 2 என்ற வார்ம் இந்தக் கணக்கையே தலைகீழாக்கியது. அது எட்டில் ஒரு முறைதான் முழுக்க ஏதோ ஒரு முகவரிக்குப் போகும். நான்கு முறை, தான் இருக்கும் கணினியின் ஐபி முகவரியில் உள்ள முதல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றும். மீதி மூன்று முறை முதல் இரண்டு எண்களையும் வைத்துக்கொள்ளும். இப்போது அதே 500 கணினிகளும் 10.20 என்ற தொகுதிக்குள் இருக்கின்றன. தொற்றிய லேப்டாப்பும் அதே தொகுதியில் ஒரு முகவரி வாங்குகிறது. அந்தத் தொகுதியில் மொத்தமே 65,536 முகவரிகள். எட்டில் மூன்று பங்கு தட்டல்கள் இதற்குள் விழுகின்றன என்றால், ஏறக்குறைய 350 தட்டலுக்கு ஒன்று இலக்கில் படும். 86 லட்சம் எங்கே, 350 எங்கே! வித்தியாசம் 24,000 மடங்குக்கும் மேல்.

இதில் அசர வைப்பது என்னவென்றால், வார்முக்கு உங்கள் நிறுவனத்தைப் பற்றி எதுவுமே தெரியாது. நெட்வொர்க் வரைபடமும் கணினிப் பட்டியலும் அதனிடம் இல்லை. தன் முகவரியின் முதல் இரண்டு எண்களைப் பார்த்து எழுதியது, அவ்வளவுதான். நிர்வாகி ஒழுங்காக, அடுத்தடுத்து முகவரி ஒதுக்கியிருக்கிறாரே, அந்த ஒழுங்கே அதற்கு வழிகாட்டி. பிளாஸ்டர் இன்னும் எளிமையாகச் செய்தது: பத்தில் நான்கு முறை தன் அக்கம்பக்கத்து முகவரிகளிலிருந்து தொடங்கி, 20 20ஆக வரிசையாகத் தட்டிக்கொண்டே போனது. 254 முகவரிகள் கொண்ட ஒரு சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு), 13 சுற்றில் முடிந்துவிடும்.

ஆகவே தடுப்பு ஒவ்வொரு கணினியின் வாசலிலும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு லேப்டாப் இன்னொரு லேப்டாப்பின் 445ஆம் போர்ட்டைத் தொட வேண்டிய வேலை அநேகமாகக் கிடையாது. ஃபைல் சர்வருக்கு லேப்டாப்தான் போகிறது. சர்வர் லேப்டாப்பைத் தேடி வருவதில்லை. போன இணைப்புக்கு வரும் பதிலை ஃபயர்வால் தானே அனுமதிக்கும். பலர் பப்ளிக் ப்ரொஃபைலில் (வெளி நெட்வொர்க்குக்கான அமைப்பில்) ஃபயர்வாலை ஆனில் விட்டுவிட்டு, 'அலுவலகத்துக்குள் பாதுகாப்புதானே' என்று டொமைன் ப்ரொஃபைலில் (அலுவலக நெட்வொர்க்குக்கான அமைப்பில்) ஆஃப் செய்து வைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி மிக ஆபத்தான இடமே அதுதான்.

டொமைன், பிரைவேட், பப்ளிக் ஆகிய மூன்று ப்ரொஃபைலிலும் உள்வரும் இணைப்புகளுக்கு இயல்புநிலை 'பிளாக்' என்று குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு வைக்கும் வசதியில்) வையுங்கள். ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்குக்கான அனுமதி விதிகளை நீக்குங்கள். 135, 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 ஆகிய போர்ட்டுகளுக்கு, நிர்வாக சர்வர்களின் ஐபி முகவரிகளிலிருந்து மட்டும் வரலாம் என்று ஓர் அனுமதி விதி எழுதுங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: 445க்கு ஒரு பிளாக் விதி, நிர்வாக சர்வருக்கு ஓர் அனுமதி விதி என்று இரண்டும் எழுதுவது. விண்டோஸ் ஃபயர்வாலில் பிளாக் விதிதான் ஜெயிக்கும். நிர்வாகியே வெளியே நிற்பார், கோபத்தில் முழு ஃபயர்வாலையும் அணைப்பார். அந்தந்தக் கணினியிலேயே எழுதப்படும் உள்ளூர் விதிகளைச் சேர்க்காதே என்ற அமைப்பையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு மென்பொருள் இன்ஸ்டால் ஆகும்போது தனக்கென ஒரு வழி திறந்துகொள்ளும். வாசகரின் பிரின்டரை யாரோ ஒருவரின் கணினியில் மாட்டிப் பகிர்வதை விட்டுவிட்டு, அதற்கென ஐபி முகவரி கொடுத்து பிரின்ட் சர்வரில் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட். பிளாஸ்டருக்கான பேட்ச் 26 நாள் முன்பே வந்திருந்தது. சாஸருக்கு 17 நாள், வான்னாக்ரைக்கு 59 நாள். வெளியூரில் சுற்றும் லேப்டாப், அலுவலகத்துக்குள் மட்டுமே எட்டக்கூடிய அப்டேட் சர்வரை நம்பியிருந்தால், மாதக்கணக்கில் ஓட்டையோடு இருந்துவிட்டு உள்ளே வரும். லேப்டாப்புகள் இன்டர்நெட்டிலிருந்தே பேட்ச் எடுக்கட்டும். அனுமதி கொடுப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பேட்ச் இறங்கியதோடும் வேலை முடியவில்லை. ஃபைல் பகிர்வைக் கையாளும் எஸ்எம்பி சர்வரின் கர்னல் டிரைவர் (விண்டோஸின் மையப் பகுதியான கர்னலில் ஓடும் நிரல்) போன்றவை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் ரீஸ்டார்ட் ஆகும்வரை பழைய ஓட்டை அப்படியே இருக்கும். மூடியை மூடி உறங்க வைப்பவர்களிடம் இது வாரக்கணக்கில் நடக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் சாதாரண ஷட் டவுன்கூட கர்னலை அப்படியே டிஸ்க்கில் சேமித்து மீண்டும் எழுப்புகிறது. எனவே அறிக்கையில் 'இன்ஸ்டால்ட்' என்ற சொல்லை நம்பாமல், கடைசி ரீஸ்டார்ட் தேதியையும் பாருங்கள். அப்டேட் போட்டால் மெஷின் ஸ்லோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. பத்துக் கணினியில் முதலில் போட்டு இரண்டு நாள் பார்ப்பதுதான் அந்தப் பயத்துக்கு மருந்து, தள்ளிப்போடுவது அல்ல.

பேட்ச் போட்ட கணினியும் விழும் என்பதை 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வார்ம் காட்டியது. ஓட்டையுள்ள ஒரு கணினியில் நுழைந்து, நினைவகத்திலிருந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடி, விண்டோஸின் சொந்த நிர்வாகக் கருவிகள் வழியாகவே பேட்ச் போட்ட கணினிகளுக்குள் புகுந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே லோக்கல் அட்மின் (அந்தக் கணினிக்கான நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் இருந்தால் இது குழந்தை விளையாட்டு. அந்தக் கடவுச்சொல்லைக் கணினிக்கு ஒன்றாக மாற்றித்தரும் லாப்ஸ் என்ற வசதி, 2023 ஏப்ரல் முதல் விண்டோஸிலேயே இருக்கிறது, தனிச் செலவில்லை. வாசல் ஃபயர்வாலுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும் நிர்வாகங்கள் இந்த இலவச வேலைக்கு ஒருவரின் ஒரு வார நேரத்தை ஒதுக்கத் தயங்குவது வருத்தமாக இருக்கிறது.

பெரிய அலுவலகங்களில் 802.1எக்ஸ் (இணையும் கருவியைச் சரிபார்த்து நெட்வொர்க்கில் விடும் முறை) வைத்து, வெளியிலிருந்து வரும் லேப்டாப்பை முதலில் தனி விலானில் (சுவிட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) போட்டு, பேட்ச் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே விடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஓட்டையுள்ள லேப்டாப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது! அவை ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அங்கேயே தொற்றிக்கொள்ளும். அந்த விலானில் சுவிட்சின் போர்ட் ஐசோலேஷன் (கேபிள் செருகும் போர்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்காமல் பிரிப்பது) கட்டாயம். பேட்ச் சர்வர், ஆன்டிவைரஸ் சர்வர் தவிர எதையும் எட்டக் கூடாது. விபிஎன் (வெளியிலிருந்து இன்டர்நெட் மூலம் அலுவலக நெட்வொர்க்கில் இணையும் முறை) வழியாக வருபவர்களுக்கும் இதே விதிதான். ஒப்பந்ததாரர் இணைப்புகளையும் மறக்க வேண்டாம்: 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற வார்ம், அமெரிக்காவின் ஒஹையோ மாநில டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்துக்குள் நுழைந்தது ஃபயர்வாலைச் சுற்றிப்போன ஓர் ஒப்பந்ததாரரின் இணைப்பு வழியாகத்தான். பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினி ஏறத்தாழ 5 மணி நேரம் முடங்கியது. உலை அப்போது நிறுத்தப்பட்டிருந்தது.

இத்தனையும் தாண்டி நுழைந்தால் கண்டுபிடிக்க, வார்மின் பழக்கமே உதவும். சாதாரண லேப்டாப் ஒரு நிமிடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய உள் முகவரிகளோடுதான் பேசும். வார்ம், ஆளே இல்லாத முகவரிகளையும் தட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் வராத ஒரு ஏஆர்பி கேள்வி ('இந்த முகவரி யாருடையது?' என்று கேட்பது) சப்நெட் முழுக்க ஒலிக்கும். ஒவ்வொரு விலானிலும் பயன்படுத்தாத இரண்டு மூன்று முகவரிகளில் ஒரு சிறிய கணினியைக் காது கொடுக்க வையுங்கள். அதன் 445ஐ யார் தட்டினாலும் உடனே விசாரியுங்கள். வார்ம் என்று உறுதியானால் முதலில் அந்தக் கணினி செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டை மூடுங்கள், வைஃபையில் இருந்தால் அந்தக் கருவியைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.