தானாக வளர்ந்து நொறுங்கும் கார்

மும்பை செம்பூர் வாசகி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தா பரேல் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 1947இல் நாடு திரும்பிய ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த உள்ளங்கை அளவிலான உலோகக் கார் ஒன்று, மூன்று தலைமுறையாகக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்து வந்திருக்கிறது. குழந்தைகளின் கை அதில் பட்டதே இல்லை. இருந்தும் சில ஆண்டுகளாக அதன் கூரையில் கோடு கோடாக விரிசல் விழுந்து, இந்த மழைக்காலத்தில் முன்பக்க மட்கார்டு அப்பளம்போல் ஒடிந்து விழுந்துவிட்டது. "கண் பட்டுவிட்டது என்கிறார் என் மாமியார். என் மகன் அதே அலமாரியில் முப்பது கார்கள் சேர்த்து வைத்திருக்கிறான். அவற்றுக்கும் இது தொற்றிவிடுமா?" என்று கேட்கிறார்.

மாதிரிக் கார் சேகரிப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'சிங்க் பெஸ்ட்' என்பார்கள், துத்தநாக நோய் என்று நாம் சொல்லலாம். அந்தக் காரின் முடிவு அலமாரியில் வைத்த பிறகு வந்ததன்று. உருக்கிய உலோகம் அச்சுக்குள் பாய்ந்த நொடியிலேயே அது உள்ளே எழுதப்பட்டுவிட்டது.

இத்தகைய கார்களின் உடல் துத்தநாகக் கலப்புலோகத்தால் ஆனது. துத்தநாகத்துடன் சுமார் 4 விழுக்காடு அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும், தேவைப்பட்டால் செம்பும் சேரும். இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளைக் கோத்து 'ஜமாக்' என்று பெயரிட்டனர், இங்கிலாந்தில் 'மஸாக்' என்றார்கள். தூய துத்தநாகம் உருக 420 டிகிரி செல்சியஸ் வேண்டும், இந்தக் கலவைக்கு 390 டிகிரிக்குள்ளேயே போதும். அலுமினியம் சேர்வதால் உலோகம் மெல்லிய இடுக்குகளிலும் நன்றாகப் பாய்கிறது, வார்ப்பு எந்திரத்தின் இரும்புப் பாகங்களையும் அரித்துத் தின்பதில்லை. எந்திரம் உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறது. கண் இமைப்பதற்குள் அது இறுகிவிடுகிறது. பிறகு பிசிறு நீக்கி, வண்ணம் பூசி, அச்சாணியும் சக்கரமும் கோத்தால் கார் தயார்.

லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம் தன் பொம்மை ரயில்களுக்குத் துணையாகச் சிறு வாகனங்களை 1933இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு முதல் அவை 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் பெற்றன. அந்த ரயில்கள் ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கும் அளவில் அமைந்தவை. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், அதை ஏழால் வகுத்தால் 43.5 வருகிறது. மாதிரிக் கார் உலகில் இன்றும் கோலோச்சும் 1:43 என்ற விசித்திரமான அளவு இப்படித்தான் வந்தது. தொடக்கக் காலப் பொம்மைகளைக் காரீயத்திலேயே வார்த்தார்கள், விரைவில் துத்தநாகத்துக்கு மாறினார்கள். வம்பு அந்தக் காரீயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள, சிறு வயதில் தின்ற குச்சி ஐஸை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை அழுத்தி உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முழுவதும் வாய்க்கு வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெளுத்த வெறும் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது அதன் படிகம் தண்ணீரை மட்டுமே தன் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரைக்கும் சாயத்துக்கும் அந்த வரிசையில் இடமில்லை. வளரும் படிகம் அவற்றைத் தள்ளிக்கொண்டே போய், பக்கத்துப் படிகத்தை முட்டும் இடத்தில் விட்டுவிடுகிறது. ஆகவே குச்சி ஐஸில் இனிப்பு பனிக்குள் கலந்திருப்பதில்லை, பனிப் படிகங்களுக்கு இடையேயுள்ள மெல்லிய சந்துகளில் பாகாகத் தேங்கியிருக்கிறது. நாம் உறிஞ்சுவது அந்தச் சந்துகளை.

உலோகமும் இப்படித்தான் உறைகிறது. நாகப்பூச்சுப் பூசிய இரும்பு வாளியின் பக்கங்களில் பூப்பூவாகத் தெரியும் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ ஒவ்வொன்றும் துத்தநாகத்தின் ஒரு படிகம்தான். காரின் உடலிலும் இதே படிகங்கள் உண்டு, ஆனால் மிக வேகமாகக் குளிர்வதால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிந்து, நொய்யரிசிபோல் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். குருணை என்றே அவற்றை அழைப்போம். திண்ம நிலையில் உள்ள துத்தநாகம் காரீயத்தைத் தனக்குள் ஏற்பதே இல்லை எனலாம். காரீயத்தின் உருகுநிலையும் தாழ்வு, 327 டிகிரி. குருணைகள் வளர வளரக் காரீயம் ஒதுக்கப்பட்டு, மற்றதெல்லாம் இறுகிய பிறகும் சந்துகளில் நீர்மமாகவே நின்று, கடைசியாக உறைகிறது. வார்த்து முடித்த காரைப் பளபளவென்று தேய்த்துப் பார்த்தாலும் குறை தெரியாது. உள்ளே ஒவ்வொரு குருணைக்கும் இடையில் ஒரு பலவீனமான கோடு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோட்டுக்கு ஈரக்காற்று வழி கண்டுபிடிக்கிறது. காரீயமும் அலுமினியம் மிகுந்த பகுதியும் அருகருகே இருக்கும் இடத்தில் துளி ஈரம் சேர்ந்தால், அது ஒரு நுண்ணிய மின்கலமாகிவிடும். அலுமினியமும் துத்தநாகமும் அரிபட்டு ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறும். இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் வியந்து நிற்பது. துத்தநாகம் ஆக்சைடாக மாறினால் தான் இருந்த இடத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான இடம் கேட்கும், ஹைட்ராக்சைடு அதைவிட அதிகம் கேட்கும். சந்துக்குள் அவ்வளவு இடம் ஏது? எனவே அது ஆப்புப்போல் இரு பக்கக் குருணைகளையும் நெம்புகிறது. நெம்பிய இடத்தில் விரிசல் விழுகிறது, விரிசலின் வழியே ஈரம் இன்னும் உள்ளே போகிறது, அங்கும் ஓர் ஆப்பு உருவாகிறது. கற்சுவரின் இடுக்கில் விழுந்த ஆலம்விதை பெருத்துச் சுவரைப் பிளப்பதுபோல்தான். குருணைகள் கெடுவதற்கு வெகுமுன்பே அவற்றுக்கு இடையேயான பிடி போய்விடுகிறது. அதனால்தான் இரும்பு துருப்பிடித்துத் தேய்வதுபோல் இந்தக் கார் தேய்வதில்லை, முதலில் வளர்கிறது, பிறகு நொறுங்குகிறது.

வளர்கிறது என்பதை உவமையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சோர் பஜாரின் மட்டன் தெருவில், பித்தளைச் சாமான்களுக்கு நடுவில், 1930களைச் சேர்ந்த ஒரு கார் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சமதளமான கண்ணாடியில் வைத்தபோது நான்கு சக்கரங்களும் ஒருசேரத் தரையில் படவில்லை. திருப்பிப் பார்த்ததும் காரணம் விளங்கியது. காரின் அடித்தட்டு தகரம், அது நீளவில்லை. அதன்மேல் பொருத்திய துத்தநாக உடல் நீண்டிருந்தது. இரு முனையும் தட்டில் பிடிபட்டிருந்ததால் நீண்ட உடல் நடுவில் வில்லாக வளைந்து நின்றது. உருப்பெருக்கியில் பார்த்தால், கோடையில் காய்ந்த ஏரித் தரைபோல் வண்ணத்தின்மேல் பாளம் பாளமாக வெடிப்பு. நல்ல நிலையில் உள்ள அதே வார்ப்பின் இன்னொரு காரை நண்பரிடம் இரவல் வாங்கி வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். என்னுடையது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடியிருந்தது.

இவ்வளவுக்கும் எவ்வளவு காரீயம் தேவை? இன்றைய தர வரையறை ஜமாக்கில் காரீயத்தை 0.005 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நூறு கிலோ உலோகத்தில் 5 கிராம்! பொம்மைச் சிப்பாய்களைக் காரீயத்தில் வார்த்த அதே பட்டறையில், துடைக்காத ஒரு கரண்டியோ, ஈயப்பற்று வைத்த பழைய தகரத்துண்டோ உலைக்குள் விழுந்தாலே கணக்கு கெட்டுவிடும். தவிர, துத்தநாகமும் காரீயமும் மண்ணுக்குள்ளேயே ஒரே தாதுப் படுகையில் சேர்ந்து கிடப்பவை. அன்றைய மலிவான துத்தநாகத்தில் காரீயம் ஒரு விழுக்காட்டையும் தாண்டியிருக்கும்.

தீர்வு காய்ச்சி வடிப்பதில் கிடைத்தது. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், காரீயமோ 1,700 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். எனவே ஆவியைப் பிடித்துக் குளிர்வித்தால் காரீயம் அடியில் தங்கிவிடும். ஜமாக்கை 1929இல் அறிமுகப்படுத்திய அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம், இந்த வழியில் 99.99 விழுக்காடு தூய துத்தநாகம் எடுத்த பிறகே அதை நம்பத்தகுந்த உலோகமாக்கியது. துத்தநாகத்தை ஆவியாக்கிப் பிடிக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. உதயப்பூருக்கு அருகில் ஜாவரில், கத்திரிக்காய் வடிவ மண்குடுவைகளை வரிசையாகக் கவிழ்த்துவைத்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெருமளவில் அதைச் செய்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் தம் முறைக்குக் காப்புரிமை பெற்ற 1738ஆம் ஆண்டுக்கு வெகுமுன்பே நடந்த வேலை அது. ஜாவரின் குடுவைகளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் நம் பள்ளிப் பாடநூல்களில் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

வாசகியின் கேள்விக்கு வருவோம். இது தொற்றாது. காரீயம் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குத் தாவுவதில்லை. பல கார்கள் ஒரே சமயத்தில் வெடித்தால், அவை ஒரே உலையில் பிறந்து ஒரே ஈரக்காற்றில் இருந்தவை என்பதே பொருள். நோயுற்ற காரைத் தனியறையில் ஒதுக்கி வைக்கும் சேகரிப்பாளர்களை மும்பையிலேயே எனக்குத் தெரியும். படித்தவர்கள் இடையே உலவும் இந்த நம்பிக்கைக்கும் மாமியார் சொல்லும் திருஷ்டிக்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் செய்கின்றன. குளிரில் வெள்ளீயம் பொடியாகும் வேறொரு நோயோடு இதைக் குழப்புவோரும் உண்டு. அது 13 டிகிரிக்குக் கீழேதான் தொடங்கும் என்பதால், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு மும்பையில் எந்தக் கவலையும் இன்றி இருக்கலாம்.

பிளந்த குருணைகளை மீண்டும் ஒட்டவைக்க இன்று வழியில்லை. லக்னோவில் 1976இல் தொடங்கப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் போன்ற இடங்களில் வெண்கலச் சிலைகளுக்காக நடக்கும் ஆராய்ச்சியில் ஒரு சிறு பங்கேனும், இருபதாம் நூற்றாண்டின் துத்தநாக வார்ப்புகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வானொலிப் பெட்டி, தட்டச்சு எந்திரம், கேமரா என்று அந்தக் காலத்தின் எத்தனையோ பொருள்களின் உள்பாகங்கள் இந்த உலோகம்தான்.

அதுவரை செய்யக்கூடியது ஈரத்தையும் வெப்பத்தையும் குறைப்பது மட்டுமே. தாத்தாவின் காரை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலத்தில் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் அடுப்படிக்கு அருகிலான இடமும் வேண்டாம். ஒடிந்த மட்கார்டை ஒட்ட முயலாமல் பஞ்சில் சுற்றி அதே டப்பாவில் வையுங்கள். உங்கள் மகனிடம் ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து, பம்பர் முதல் பம்பர் வரை காரின் நீளத்தை இன்றே அளந்து தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மழை ஓய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.