கோச் கையெழுத்தை நம்பாதீர்கள், கோலைப் பாருங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை கோலூன்றித் தாண்டுதல் (போல் வால்ட்) பயில்கிறதா? விதி சின்னதுதான். கோல் இத்தனை பவுண்டுக்கானது என்று தயாரித்த நிறுவனம் அதன் மேலேயே எழுதியிருக்கும். தாண்டுகிறவரின் எடை அதற்கு மேல் போகக் கூடாது. போனால் அந்தப் போட்டியிலிருந்து நீக்கம். வார்ம்-அப்பில் அந்தக் கோலைத் தொட்டுத் தாண்டினாலும் அதே கதிதான்.

விதி சரி. அதை அமல்படுத்தும் அழகைத்தான் பார்க்க வேண்டும். பல இடங்களில் தராசே கிடையாது. எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று கோச் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். வளர்கிற வயது, சீசன் தொடக்கத்தில் 148 பவுண்டு இருந்த பையன் மே மாதத்தில் 153 ஆகியிருப்பான். கையில் இருப்பதோ அதே 150 கோல். பெரிய போட்டியில் தராசு வைத்தால் மாட்டுவது பையன், கையெழுத்துப் போட்டவர் அல்ல. அப்படி அழுதுகொண்டே வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கோலில் இரண்டு எண்கள் இருக்கலாம். 18.2 என்பது போல் புள்ளி வைத்தது வளைவின் அளவு, எடை அல்ல. எடை எண் முக்கால் அங்குல உயரத்தில், பளிச்சென்று தெரியும் நிறத்தில், மேல்பிடி வளையத்தின் (கை அதிகபட்சம் எதுவரை பிடிக்கலாம் என்று காட்டும் பட்டை) அருகிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அழிந்துபோய் யாரோ மார்க்கரில் எழுதிவைத்த எண்ணைக் கண்டால் அந்தக் கோலைத் தொட வேண்டாம். எடை கூடிவிட்டால், “கோலைக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள், ஒன்றும் ஆகாது” என்பார்கள். விதி அப்படிச் சலுகை தரவில்லை.

புதுக் கோல் கேட்டால் கோச் விளையாட்டு இயக்குநரைக் கைகாட்டுவார். இயக்குநர் பட்ஜெட் இல்லை என்பார். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டால், அது கோச்சின் பொறுப்பு என்று பதில் வரும். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பிள்ளையின் இன்றைய எடை, கோலில் உள்ள எண் இரண்டையும் எழுதி, கோலின் போட்டோவோடு கோச்சுக்கும் இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அதற்கப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாது.

சில கோச்சுகள் பிள்ளையை எடை குறைக்கச் சொல்வார்கள். பட்டினி போட்டுவிட்டு ஓடித் தாண்டுவது ஆபத்து, மறுத்துவிடுங்கள். பக்கத்துப் பள்ளியில் இரவல் கேட்கலாம். ஆனால் 150 பவுண்டுப் பிள்ளைக்கு 180 கோல் வாங்கி வந்தால் விதி தடுக்காது, கோல் வளையாமல் ஓடுதளத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். இரவல் கோலையும் வார்ம்-அப்புக்கு முன்பே நடுவரிடம் காட்டிவிட வேண்டும்.