டெரபிந்த்: டர்பன்டைனுக்குப் பேர் குடுத்த மரம்

பெயின்ட் அடிக்கிற வீட்டுல மூக்கைத் துளைக்குமே ஒரு வாசனை, டர்பன்டைன், அந்தப் பேரு உண்மையில டெரபிந்த்ங்கிற ஒரு மரத்தோட பேருங்க. கிரேக்கத்துல மரம் தெரெபிந்தோஸ், அதோட பிசின் தெரெபிந்தினே, அது லத்தீனுக்குப் போயி தெரெபிந்தினா ஆகி, பிரெஞ்சு வழியா தேஞ்சு தேஞ்சு இங்கிலீஷ்ல டர்பன்டைன்னு நிக்குது. ஆனா இன்னைக்குக் கடையில வாங்குற டப்பாவுல அந்த மரம் ஒரு சொட்டு கூட கிடையாது. பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடிச்சாலும் அதே பேரு, பெட்ரோலியத்துல எடுக்குற எம்டிஓ-லயும் (மினரல் டர்பன்டைன் ஆயில்) நடுவுல உள்ள 'டி' டர்பன்டைன்தான்.

மரம் மத்தியதரைக் கடலோரத்துக்காரன், போர்ச்சுகல் மொராக்கோவுல இருந்து துருக்கி வரைக்கும் கல்லு மண்ணுல வளரும். நம்ம மா, முந்திரி குடும்பம்தான், பிஸ்தாவுக்குக் கூடப்பிறந்த மாதிரி, அதனால பிஸ்தா ஒட்டுக்கட்ட வேர்க்கன்னாவும் வைப்பாங்க. பட்டையைக் கீறினா பிசின் வடியும். கிரீஸ்ல கியோஸ் தீவுப் பிசினுக்குப் பெரிய பேரு, அதே தீவுல மஸ்திக்னு மெல்லுற பிசின் வருதே, அது இதோட பங்காளி மரம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இந்த வகைப் பிசினோட பழமையைப் பாத்தா மலைப்பா இருக்கும். ஈரான்ல ஹாஜி ஃபிருஸ் தேபேங்கிற இடத்துல 7000 வருஷப் பழைய ஒயின் ஜாடியில இதோட தடயம் இருந்துச்சு, ஒயின் புளிச்சுப் போகாம இருக்க கலந்திருக்காங்க. துருக்கி கடலுக்கடியில 1982-ல கண்டுபிடிச்ச உளுபுருன் கப்பல்ல (கிமு 14-ம் நூற்றாண்டு) சுமார் 150 ஜாடி, அதுல பெரும்பாலானதுல இதே பிசின்! பழத்தையும் விடல, துருக்கியில காசியான்டெப் பக்கம் வறுத்து அரைச்சு மெனெங்கிச் காபின்னு குடிக்கிறாங்க, பேருதான் காபி, கஃபீன் சுத்தமா இல்ல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? இங்க வளராத மரம், அதனால பழைய பேரு இல்ல. தமிழ் பைபிள்ல எபிரேய 'ஏலா' (இந்த மரவகைதான்) வர்ற இடத்துல கர்வாலி மரம்னு போட்டிருக்கு, தாவீது ராஜாவோட மகன் அப்சலோம் தலை மாட்டிக்கிட்டது அதுலதான், ஆனா கர்வாலிய நம்ம ஆளுங்க ஓக் மரத்துக்கு சொல்றாங்க. தாவீது கோலியாத்தை அடிச்ச ஏலா பள்ளத்தாக்குல மட்டும் மூலப்பேரு அப்படியே தங்கிடுச்சு, ஏலக்காய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நாட்டு மருந்துக் கடையில டர்பன்டைனுக்குக் கற்பூரத் தைலம்னு பேரு, அதை வச்சு கற்பூரத்தைல மரம்னு சொன்னா தப்பு, கற்பூரம் வேற மரத்துல வர்றது. என்னைக் கேட்டா காட்டுப்பிஸ்தான்னு சொல்லலாம், கேட்ட உடனே குடும்பம் புரியும். இல்லன்னா டெரபிந்த்னே எழுதிடலாம், தப்பில்ல.

இதுல ஒரு வேடிக்கை. இந்த மரத்து இலையில ஒரு அசுவினிப்பூச்சி உக்காந்தா கொம்பு மாதிரி நீளமா புடைச்சுக்கும், அதைப் பாத்துதான் ஸ்பெயின்ல மரத்துக்கே கோர்னிகாப்ரா, அதாவது ஆட்டுக்கொம்புன்னு பேரு வச்சாங்க. இமயமலைப் பக்கம் இருக்கிற இதோட பங்காளியிலயும் இதே மாதிரி கொம்பு வரும், அது சமஸ்கிருதத்துல நண்டுக்கொம்பு, கர்க்கடக சிருங்கி. நம்ம ஊர்ல இருமல் மருந்துல சேர்க்கிற கற்கடகசிங்கி இதுதான். கடையில கேக்கும்போது மட்டும் பாத்து வாங்குங்க, சில இடத்துல அந்தப் பேர்ல கடுக்காய்ப்பூவை எடுத்து மடிச்சுக் குடுத்துருவாங்க, அது கடுக்காய் மரத்துல பூச்சியால வர்ற புடைப்பு.