நரி, குள்ளநரி, வங்காநரி

சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் வாழும், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கை நரி என்பாரும் உண்டு, குள்ளநரி என்பாரும் உண்டு. ஆங்கிலத்தில் ஜாக்கல் எனப்படும் அவ்விலங்குக்கு, சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் கேனிஸ் ஆரியஸ், அதாவது பொன்னிற நாய், என்று பெயரிட்டார். அதற்குத் தமிழில் அடைமொழி ஏதுமின்றி நரி என்பதே போதும்.

நரி என்பது கன்னடத்திலும் வழங்கும் திராவிடச் சொல். மலையாளத்தில் அது புலியையும் குறிப்பதுண்டு. ஜாக்கல் என்னும் சொல்லோ, சமஸ்கிருதத்தின் சிருகாலம் பாரசீகத்தில் ஷகால் ஆகி, துருக்கி, பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளைக் குருளை என்று சொல்லி, “நரியும் அற்றே நாடினர் கொளினே” என நரியையும் அவற்றோடு சேர்க்கிறது. இன்று நாம் எல்லாவற்றையும் குட்டி என்றே சொல்லிவிடுகிறோம்.

குழப்பம் மொழிபெயர்ப்பில் தொடங்கியது என்றே கருதுகிறேன். ஐரோப்பியக் கதைகளில் வரும் ஃபாக்ஸையும் நாம் நரி என்றே எழுதிவிட்டதால், ஜாக்கலுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்று குள்ளநரியை அதன்மேல் ஏற்றினார்கள். ஆனால் குள்ளம் என்ற அடை பொருந்துவது, மூன்று கிலோ அளவே எடையுள்ள, அடர்ந்த நீள்வாலும் பெரிய காதுகளும் கொண்ட இந்திய ஃபாக்ஸுக்குத்தான். நரியோ பெரும்பாலும் எட்டு முதல் பதினொரு கிலோ வரை இருக்கும். சேலம் வாழப்பாடிப் பக்கம் அச்சிறு விலங்கை வங்காநரி என்கிறார்கள். வங்கு என்றால் வளை என்பதால், தானே வளை தோண்டி வாழும் அதற்கு அப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

நரி எங்கும் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் வாய்தான். எலி, பறவை, பூச்சி, நண்டு, இலந்தைப் பழம், செத்த விலங்கின் இறைச்சி, ஊர்க் குப்பை என எதையும் அது ஒதுக்குவதில்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பா வரை பரவியுள்ள அது, அண்மைப் பத்தாண்டுகளில் வடக்கே எஸ்தோனியாவையும் எட்டியிருக்கிறது. கிண்டியிலோ, நான்கு புறமும் நகரம் சூழ்ந்த 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் காலம் தள்ளுகிறது. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் வாழ்கின்றன. ஏறத்தாழ 63 நாள் சினைக்குப் பின் பிறக்கும் குருளைகளுக்கு, முந்தைய ஈற்றுப் பிள்ளைகள் சிலவும் உடனிருந்து இரை கொண்டுவந்து ஊட்டுவதுண்டு.

ஆப்பிரிக்காவில் கேனிஸ் ஆரியஸ் என்றே அறியப்பட்ட விலங்கு வேறோர் இனம் என 2015-இல் மரபணு ஆய்வு காட்டியது. அதை இப்போது ஆப்பிரிக்க ஓநாய் என்கிறார்கள். தமிழிலும் அப்படியே எழுதுவது சரி.