சிறைவாசியின் வழக்கு எங்கே தோற்கிறது?

அமெரிக்கச் சிறைகளில் இருப்பவர்களின் சிவில் உரிமை வழக்குகளில் வேலை செய்கிறேன். போன் செய்யும் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சார், உள்ளே மருந்து தரமாட்டேன்கிறாங்க. கோர்ட்டில் உடனே ஒரு ஆர்டர் வாங்க முடியாதா?" நான் திருப்பிக் கேட்பேன்: உள்ளே கிரீவன்ஸ் படிவம் (சிறை நிர்வாகத்திடம் கொடுக்கும் புகார்) எழுதிக் கொடுத்தாரா, எந்தத் தேதியில்?

சிலருக்குக் கோபம் வரும். ஆனால் 1996-இல் வந்த சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, சிறையின் சொந்தப் புகார் முறையை மேல்முறையீடு வரை முடித்த பிறகுதான் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். தாமதமும் பொறுத்துக்கொள்ளப்படாது. கலிஃபோர்னியா சிறைவாசி ஒருவர் 15 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய புகாரைச் சுமார் ஆறு மாதம் கழித்துக் கொடுத்தார். வுட்ஃபோர்ட் எதிர் இங்கோ வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்ளே நடந்தது நியாயமா என்ற கேள்விக்கே வழக்கு போய்ச் சேரவில்லை.

அடுத்தது இடைக்கால உத்தரவு, அதாவது வழக்கு முடியும்வரை நீதிமன்றம் தரும் தற்காலிக ஆணை. வழக்கில் ஜெயிக்கும் வாய்ப்பு, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, இரு தரப்புக் கஷ்டங்களின் எடை, பொதுநலன் ஆகிய நான்கையும் மனுதாரர்தான் காட்ட வேண்டும். சிறை வழக்கு என்றால் இன்னும் இறுக்கம். கேட்கும் உத்தரவு குறுகியதாக, தேவைக்கு மேல் ஒரு அடியும் போகாததாக இருக்க வேண்டும். கிடைத்தாலும், நீதிமன்றம் அதை இறுதி உத்தரவாக ஆக்காவிட்டால் 90 நாளில் தானாகக் காலாவதி.

நான் அடிக்கடி பார்க்கும் சறுக்கல் ஒன்று. வழக்கு காவலர் அடித்தது பற்றி. இடைக்கால மனுவோ நூலகத்துக்கு விடவில்லை என்பது பற்றி. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழக்கோடு ஒட்டாத நிவாரணம் என்று நீதிபதி இரண்டு பக்க உத்தரவிலேயே தள்ளிவிடுவார். அப்புறம், வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் பழைய சிறைக்கு எதிராகக் கேட்ட உத்தரவு பொதுவாகப் பயனற்றுப் போகும்; நஷ்டஈட்டுக் கோரிக்கை மட்டும் நிற்கும்.

குறுகலாகக் கேட்டு ஜெயித்தவரும் உண்டு. ஆர்கன்சாவில் முஸ்லிம் சிறைவாசி ஒருவர் முழுத் தாடி தன் மதக் கடமை என்று நம்பியும், அரை அங்குலத் தாடிக்கு மட்டும் அனுமதி கேட்டார். தாடிக்குள் பொருளை ஒளிக்கலாம் என்றது சிறை. தலைமுடியிலும் உடையிலும் ஒளிக்க முடியாததையா அரை அங்குலத்தில் ஒளிப்பார்கள்? கையால் எழுதிய அவரது மனுவை எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 2013-இல் இடைக்கால உத்தரவு தந்தது. 2015-இல் ஹோல்ட் எதிர் ஹாப்ஸ் வழக்கில் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது.

ஏழைச் சிறைவாசிக்கும் வழக்குத் தாக்கல் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது. 350 டாலரும் அவர் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிக்கப்படும். அற்பமானது என்பதுபோன்ற காரணங்களுக்காக மூன்று வழக்குகள் தள்ளுபடியானால் அந்தத் தவணை வசதியும் போய்விடும். உடலுக்குக் கடும் ஆபத்து நெருங்கியிருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே அவசரப்பட்டு எதையாவது எழுதிப் போடச் சொல்லாதீர்கள்.

உள்ளே இருப்பவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு படிவத்துக்கும் நகல், தேதி, வாங்கிக்கொண்டவர் பெயர். படிவமே தர மறுத்தாலோ மிரட்டினாலோ அதையும் தேதியோடு எழுதி வைக்கட்டும். நடைமுறையில் எட்டாத புகார் வழியை முடித்திருக்க வேண்டியதில்லை என்று 2016-இல் ராஸ் எதிர் பிளேக் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதை நிரூபிக்க அந்தக் குறிப்பு உதவும்.